மெயில் பார்த்தே நாள் போகிறது, வேலை எப்போது செய்வது?

#1 தாம்பரம்_தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில் சப்போர்ட் டீமில் இருக்கிறேன். கிளையண்ட் நியூயார்க்கில், டீமில் பாதிப் பேர் லண்டனில், மீதி நாங்கள் இங்கே. மெயிலும் காலெண்டரும் பார்க்கும் அவுட்லுக்கும், மீட்டிங்குக்கான டீம்ஸும்தான் நாள் முழுக்க.

காலையில் இன்பாக்ஸைத் திறந்து, இரவில் வந்ததற்கெல்லாம் பதில் போடத் தொடங்குவேன். போட்ட பதிலுக்குப் பதில் வரும். நடுவில் யாராவது மீட்டிங் அனுப்புவார்கள். நிமிர்ந்து பார்த்தால் சாப்பாட்டு நேரம். நான் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை என்று சில இருக்கின்றன: ஒரு அறிக்கை எழுதுவது, ஒரு ஸ்கிரிப்டைச் சோதித்துப் பார்ப்பது. அதெல்லாம் மாலை மீட்டிங்குகள் முடிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

முக்கியமான மெயில்களுக்கு ஃபிளாக் (கொடி அடையாளம்) போட்டு வைக்கிறேன். ஃபிளாக் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, குறையவே இல்லை.

சீக்கிரம் எழுந்திரு, போனைத் தள்ளி வை போன்ற அறிவுரைகள் வேண்டாம். மெயிலையும் காலெண்டரையும் நீங்கள் அன்றாடம் எப்படிக் கையாள்கிறீர்கள் என்று மட்டும் விவரமாகச் சொன்னால் போதும்.

#2 பழைய_அட்மின்

தென்றல், ஃபிளாக் பட்டியல் ஏன் குறையவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "இதைச் செய்ய வேண்டும்" என்பதோடு ஃபிளாக்கின் வேலை முடிந்தது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அது கேட்பதில்லை. இருபது மணி நேர வேலையை ஒரே நாளின் பட்டியலில் எழுதி வைக்கலாம், பட்டியல் தடுக்காது. காலெண்டரில் அப்படி வைக்க முடியாது, கட்டங்கள் தீர்ந்துவிடும். அதனால் அரை மணிக்கு மேல் பிடிக்கும் எந்த வேலையையும் நான் மெயிலில் விட்டு வைப்பதில்லை. வந்த அன்றே அதற்கு ஒரு நேரம் பார்த்துக் காலெண்டரில் உட்கார வைத்துவிடுவேன்.

ஒரு மெயிலை எடுத்துச் சொல்கிறேன். "போன வாரம் சர்வர் நின்றதற்கான காரணத்தை விளக்கி வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும்" என்று கிளையண்டிடமிருந்து திங்கட்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெயிலை மவுஸால் பிடித்து இழுத்து, ஓரத்தில் இருக்கும் காலெண்டர் ஐகான் மேல் விடுங்கள். மெயிலின் சப்ஜெக்ட் தலைப்பாகவும், மெயில் முழுவதும் உள்ளேயும் வந்து ஒரு அப்பாயின்ட்மென்ட் திறக்கும். (மவுஸின் வலது பட்டனைப் பிடித்து இழுத்தால், மெயிலையே இணைப்பாக உள்ளே வைக்கும் வழியும் வரும். அட்டாச்மென்ட் உள்ள மெயில்களுக்கு அதுதான் சரி. புது அவுட்லுக்கில் வலது பக்கம் "மை டே" என்ற பகுதியைத் திறந்து வைத்து, அதற்குள் இழுத்து விட வேண்டும்.)

இப்போது இரண்டு காரியம். "ரீ: ரீ: ஃபார்வர்டு: அவசரம்" என்று கிடக்கும் தலைப்பை அழித்துவிட்டு, செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்: "சர்வர் நின்ற காரணம், முதல் வரைவு". பிறகு நேரம். புதன் காலை 10 முதல் 11.30 என்று வைத்துக்கொள்வோம். சேமித்துவிட்டு மெயிலை இன்பாக்ஸிலிருந்து ஆர்க்கைவுக்கு அனுப்பிவிடுங்கள். புதன்கிழமை 10 மணிக்கு அந்தக் கட்டத்தைத் திறந்தால் தேவையானதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மெயிலைத் தேடி இன்பாக்ஸுக்குள் போக வேண்டியதில்லை. போனால் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நேரம் தேடும் அந்த ஒரு நிமிடம். புதன் நிரம்பியிருக்கும், வியாழனும் நிரம்பியிருக்கும். வெள்ளிக்குள் ஒன்றரை மணி நேரம் எங்கேயும் இல்லை என்று திங்கட்கிழமையே தெரிந்துவிடும். அன்றே "அடுத்த திங்கள் மதியம் தருகிறேன், போதுமா?" என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே வரியை வெள்ளி மாலை எழுதிப் பாருங்கள், கதையே வேறு.

இரண்டு நிமிடத்தில் முடிகிற பதில்களை இப்படியெல்லாம் இழுக்க வேண்டாம், உடனே போட்டு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒரு செட்டிங். பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், அவுட்லுக் திறக்கும்போது எந்த ஃபோல்டர் முதலில் வர வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது. அதில் இன்பாக்ஸை எடுத்துவிட்டுக் காலெண்டரை வையுங்கள். காலையில் முதலில் கண்ணில் படுவது அன்றைய நாளாக இருக்கும். கன்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் மெயில், கன்ட்ரோலும் 2-ம் அழுத்தினால் காலெண்டர்.

#3 நொய்யல்

அட்மின் சார் சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். நானும் வேலைக்கென்று நேரம் ஒதுக்கி வைப்பவன். அதன் மேலேயே மீட்டிங் வந்து விழுகிறது. "உனக்கு அந்த நேரத்தில் வேறு மீட்டிங் எதுவும் இல்லையே, வேலைதானே" என்கிறார்கள். மீட்டிங் என்றால் மதிப்பு, உட்கார்ந்து வேலை செய்தால் சும்மா இருக்கிறோம் என்று நினைக்கும் இடத்தில் இது எப்படி நடக்கும்?

#4 இரவுவிளக்கு

நொய்யல், நான் மீட்டிங் போடும் பக்கத்தில் இருப்பவன். எங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஷெட்யூலிங் அசிஸ்டென்ட்டை (எல்லோருடைய நேரத்தையும் ஒன்றாகக் காட்டும் பக்கம்) திறந்தால் எனக்குத் தெரிவது பெயர்களும் வண்ணப் பட்டைகளும்தான். பல அலுவலகங்களில் "பிஸி" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அது மீட்டிங்கா, ஆஸ்பத்திரியா, வேலையா என்று நான் ஊகிக்க வேண்டும். டீமில் ஒருவருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9-லிருந்து மாலை 6 வரை பிஸி என்று இருந்தால், அந்தப் பட்டைக்கு அர்த்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலேயே போட்டுவிடுவேன். வேறு வழியில்லை. அவரும் எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்.

இன்னொருவர் செவ்வாயும் வியாழனும் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கி வைக்கிறார். தன் காலெண்டரில் தலைப்பு தெரியும்படி எனக்கு மட்டும் பகிர்ந்திருக்கிறார் (ஷேரிங்கில் "தலைப்பும் இடமும் தெரியலாம்" என்ற அளவு அனுமதி இருக்கிறது). திறந்தால் "வெள்ளி ரிலீஸுக்கான பேட்ச் டெஸ்டிங்" என்று இருக்கும். அந்த ரிலீஸ் என் தலையில் இருக்கும் பொறுப்பு. அதன் மேல் நான் எப்படி மீட்டிங் போடுவேன்?

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான்: காலெண்டரில் இருப்பது உண்மையாக இருக்கட்டும். நகர்த்த முடிகிற வேலை என்றால் "டென்டேட்டிவ்" என்று வையுங்கள், கோடு போட்ட பட்டையாகத் தெரியும், நானும் கேட்டுக்கொண்டு போடுவேன். நகர்த்தவே முடியாது என்றால் "பிஸி". சொந்த விஷயம் என்றால் "பிரைவேட்" பூட்டைப் போடுங்கள், சாதாரணமாக யாரும் உள்ளே பார்க்க முடியாது. இந்த மூன்றையும் ஒழுங்காகப் பிரித்து வைப்பவருடைய நேரத்தை எந்த மேனேஜரும் சில வாரங்களில் மதிக்கத் தொடங்கிவிடுவார். நான் பார்த்தவரை அப்படித்தான்.

அப்படியும் மேலே வந்து விழுந்தால் வெறுமனே டிக்ளைன் செய்ய வேண்டாம். "ப்ரபோஸ் நியூ டைம்" என்று ஒன்று இருக்கிறதே, அதில் போய் நீங்களே ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் மனசு சங்கடப்படும். இந்த நேரத்தில் வருகிறேன் என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை. உங்களை "ஆப்ஷனல்" என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அப்படிப் போட்டிருந்தால் வராமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காகத்தான் அப்படி ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

#5 ஈரோட்டு_கணக்கு

ஐடி அல்லாத ஆள் பேசலாமா? ஈரோட்டில் ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. எங்களுக்கு மீட்டிங் குறைவு, தேதிகள் அதிகம்.

மாதம் பிறந்தால் 7-ம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டி படிவம்). 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ம் தேதி 3பி (ஜிஎஸ்டி சுருக்கப் படிவம்). இது போக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ். மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இதையெல்லாம் காலெண்டரில் போட்டு வைக்காத கணக்கர் இருக்க மாட்டார். ஆனால் பலர் கடைசித் தேதியை மட்டும் போட்டு வைக்கிறார்கள். 11-ம் தேதி காலையில் "இன்று ஜிஎஸ்டிஆர்-1" என்று ரிமைண்டர் அடித்து என்ன பயன்? அன்றைக்குப் போர்ட்டலில் எல்லோரும் இருப்பார்கள், பில் வராத பார்ட்டியைப் பிடிக்க முடியாது.

நான் கடைசித் தேதியை நாள் முழுவதற்கான நிகழ்வாக மேலே வைக்கிறேன். அது வெறும் பலகை. அதன் கீழே வேலைக்கான நேரங்கள் தனியாக, மாதா மாதம் தானாக வரும்படி: 5-ம் தேதி காலை, விற்பனை பில்களைச் சரிபார்க்க. 6-ம் தேதி, விடுபட்டவர்களுக்கு மெயில் போட்டுப் போனும் செய்ய. 8, 9 தேதிகளில் மதியம், பதிவேற்ற. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் இழுத்து நகர்த்திக்கொள்வேன், தொடர் கெடாது. சம்பளத்துக்கு "மாதத்தின் கடைசி வேலை நாள்" என்று அவுட்லுக்கிலேயே ஒரு தேர்வு இருக்கிறது, 30-ஆ 31-ஆ என்று பார்க்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நாள் முழுவதற்கான நிகழ்வை அவுட்லுக் இயல்பாகவே "ஃப்ரீ" என்றுதான் காட்டும். லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க என்று மட்டும் வைத்தால் மற்றவர்களுக்கு நீங்கள் சும்மா இருப்பதாகவே தெரியும். லீவு என்றால் "அவுட் ஆஃப் ஆபீஸ்" என்று கையால் மாற்ற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

#6 பேனா_மை

எனக்கு இன்னமும் டைரிதான். கைப்பட எழுதினால்தான் மனதில் நிற்கிறது. காலெண்டர் மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நினைவூட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை.

#7 ஈரோட்டு_கணக்கு

பேனா அண்ணா, டைரியை நானும் விடவில்லை. ஆனால் டைரியில் எழுதியது உங்கள் மேஜையில் இருக்கும், பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியாது. தனியாகச் செய்யும் வேலைக்கு டைரி போதும். நான்கு பேர் நேரம் ஒத்துப்போக வேண்டிய இடத்தில் காலெண்டர் இல்லாமல் முடியாது. ரிமைண்டர் தொந்தரவு என்றால் எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். நான் யாரையாவது போய்ப் பார்க்க வேண்டியதற்கு மட்டும்தான் வைக்கிறேன்.

#8 தாம்பரம்_தென்றல்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. காலெண்டரை முதலில் திறக்கும்படி மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். எங்களுக்கு வாராவாரம் நடக்கும் மீட்டிங்குகள் மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் ஒரு மணி நேரம் இடம் மாறுகின்றன. லண்டன் மீட்டிங் ஒரு தேதியிலும், நியூயார்க் மீட்டிங் வேறு தேதியிலும் மாறுவதால் நடுவில் சில வாரங்கள் இரண்டும் மோதிக்கொள்கின்றன. நான் ஒதுக்கி வைக்கும் வேலை நேரமும் அப்போது காலி. இதற்கு என்ன செய்வது?

#9 பழைய_அட்மின்

இது வருடா வருடம் வருவது, முன்கூட்டியே தெரிந்தால் பயமில்லை.

அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. நாம் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். ஆகையால் நியூயார்க் காலை 9 மணி மீட்டிங் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. லண்டன் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் மாலை 3.30, கோடையில் 2.30.

2026-ஐ எடுத்துக்கொண்டால் அமெரிக்கா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29. நடுவில் மூன்று வாரம் அமெரிக்க மீட்டிங் மட்டும் நமக்கு முன்னால் வந்திருக்கும், லண்டன் மீட்டிங் பழைய நேரத்திலேயே நிற்கும். திரும்பும்போது பிரிட்டன் அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. அப்போது ஒரு வாரம்தான் இடைவெளி. மோதல் நடப்பது இந்த வாரங்களில்தான்.

வாராந்திர மீட்டிங் எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்பட்டதோ அந்த ஊர்க் கடிகாரத்தையே பின்பற்றும். நியூயார்க்காரர் உருவாக்கினால் அவருக்கு மாறாது, உங்களுக்கு மாறும். நீங்கள் இந்திய நேரத்தில் உருவாக்கினால் உங்களுக்கு மாறாது, அவர்களுக்கு மாறும். எனவே இந்தியாவில் ஆறு பேரும் அங்கே ஒருவரும் இருக்கும் மீட்டிங்கை இங்கிருந்து ஒருவர் உருவாக்கச் சொல்லுங்கள். கிளையண்ட் மீட்டிங் என்றால் அது அவர்கள் நேரத்தில்தான் இருக்கும், நாம்தான் நகர வேண்டும்.

காலெண்டர் ஆப்ஷன்ஸில் இரண்டாவது டைம் சோனைச் சேர்த்து, அதற்கு "நியூயார்க்" என்று பெயரும் வைத்துவிடுங்கள். இடது ஓரத்தில் இரண்டு நேரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மூன்றாவதுகூடச் சேர்க்கலாம், லண்டனுக்கு. பிறகு பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து மார்ச் முழுவதையும் வார வாரமாகத் தள்ளிப் பாருங்கள். மோதல்கள் கண்ணுக்குத் தெரியும், அவற்றை அப்போதே பேசித் தீர்த்துவிடலாம். அந்தப் பார்வைக்கும் காலெண்டரில் ஒரு கட்டம் போட்டு வையுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை.

#10 நொய்யல்

இரவுவிளக்கு சார், ப்ரபோஸ் நியூ டைம் முயன்று பார்க்கிறேன். இதுவரை அதைத் தொட்டதே இல்லை.

சிசி மெயில்களை (வேறு யாருக்கோ எழுதி, தகவலுக்காக நமக்கும் நகல் அனுப்புவது) என்ன செய்கிறீர்கள் எல்லோரும்? என் இன்பாக்ஸில் பாதிக்கு மேல் அதுதான். அவுட்லுக் ரூலில் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) "என் பெயர் சிசியில் இருந்தால்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை வைத்து எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்கு அனுப்பிவிட்டேன். இன்பாக்ஸ் அமைதியாகிவிட்டது.

#11 மயிலை_நிலா

நொய்யல், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர் அலுவலகங்களில் சிசி என்றால் "உனக்கும் தெரியும்" என்று பதிவு செய்வது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் "உங்களையும் சிசியில் வைத்திருந்தோமே" என்றுதான் முதல் கேள்வி வரும். வேறு ஃபோல்டரில் இருந்தது என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? அதுவும் எஸ்கலேஷன் (பிரச்சினையை மேலிடத்துக்குக் கொண்டு போகும்) மெயிலில் பாதி நேரம் நம்மைச் சிசியில்தான் சேர்ப்பார்கள். படிக்காமல் விட்டால் அந்த டீமில் இருக்கும் ஜூனியர் மாட்டிக்கொள்வார். எனக்கு அதுதான் கவலை.

நான் எதையும் நகர்த்துவதில்லை, நிறம் மட்டும் மாற்றுகிறேன். வியூ செட்டிங்ஸில் "கண்டிஷனல் ஃபார்மேட்டிங்" என்று இருக்கிறது. புது விதி ஒன்று சேர்த்து, "டு" வரியில் நான் மட்டும் இருந்தால் அடர் நீலம் என்று வைத்திருக்கிறேன். சிசியில் இருந்தால் சாம்பல். ஒரே இன்பாக்ஸ்தான், ஆனால் யாருக்கு என்னிடமிருந்து பதில் வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நீலத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் சாம்பலுக்குப் போவேன். எதுவும் கண்ணை விட்டு மறையவில்லை.

#12 நொய்யல்

நிலா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு. அதனால் அந்த ஃபோல்டருக்குக் காலை 11.30-க்கும் மாலை 4.30-க்கும் காலெண்டரில் கால் மணி நேரம் வைத்திருக்கிறேன். மேனேஜர் அனுப்பியதும், சப்ஜெக்டில் எஸ்கலேஷன் என்று இருப்பதும் இன்பாக்ஸிலேயே நிற்கும்படி விதிவிலக்கு போட்டிருக்கிறேன். நிறம் மாற்றினாலும் புது மெயில் வருவது கண்ணில் பட்டுக்கொண்டேதானே இருக்கும்? எனக்கு அதுதான் கவனத்தைக் கலைக்கிறது.

#13 மயிலை_நிலா

விதிவிலக்கு இருந்தால் சரி. ஆனாலும் உங்கள் ஊரில் மேனேஜர் மட்டும்தான் எஸ்கலேட் செய்வாரா? சப்ஜெக்டில் அந்தச் சொல்லை எழுதாமலேயே கோபத்தைக் காட்டுகிறவர்கள் நிறைய. நான் நிறத்தோடே இருக்கிறேன்.

#14 பழைய_அட்மின்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வேலையைப் பொறுத்தது. புது மெயில் கவனத்தைக் கலைக்கிறது என்றால் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். பழைய அவுட்லுக்கில் ஆப்ஷன்ஸ், மெயில், அதில் "மெசேஜ் அரைவல்". சத்தம், கர்சர் மாறுவது, உறை ஐகான், டெஸ்க்டாப் அலர்ட் என்று நான்கு டிக் இருக்கும். நான்கையும் எடுத்துவிட்டு, முக்கியமான இரண்டு பேரிடமிருந்து வந்தால் மட்டும் அலர்ட் காட்டும்படி தனி ரூல் போடலாம்.

ரூல் போடும் எல்லோரும் ஒன்றைக் கவனியுங்கள். சில ரூல்கள் சர்வரிலேயே ஓடும். சில "கிளையண்ட்-ஒன்லி" என்று அடைப்புக்குறிக்குள் காட்டும். அவை உங்கள் லேப்டாப்பில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். லீவில் இருக்கும்போது போனில் மட்டும் பார்த்தால் எல்லாம் இன்பாக்ஸில் குவிந்து கிடப்பது இதனால்தான்.

#15 வைகைக்கரை

மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களுக்கு ஜிமெயிலும் கூகுள் காலெண்டரும்.

அட்மின் சொன்ன இழுத்து விடும் வேலைக்கு ஜிமெயிலில் வேறு வழி. மெயிலைத் திறந்து மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் "க்ரியேட் ஈவன்ட்" வரும். தலைப்பும் மெயிலின் உள்ளடக்கமும் தானாக நிரம்பும். ஆனால் அந்த மெயிலில் இருக்கும் எல்லோரையும் விருந்தினர்களாகவும் அதுவே சேர்த்துவிடும். முதல்வரிலிருந்து துறைத் தலைவர்கள் வரை அத்தனை பேரும் இருக்கும் மெயிலாக இருந்தால், நாம் தனியாக ஒரு பட்டியல் தயாரிக்க ஒதுக்கும் நேரத்துக்கு அவர்கள் எல்லோருக்கும் அழைப்பு போய்விடும். சேமிக்கும் முன் வலது பக்கம் பெயர்களை நீக்கிவிடுங்கள். தனக்கு மட்டும் என்றால் "ஆட் டு டாஸ்க்ஸ்" இன்னும் பாதுகாப்பானது. அதற்கும் தேதியும் நேரமும் கொடுத்தால் காலெண்டரில் வந்து நிற்கும், யாருக்கும் எதுவும் போகாது.

எங்களுக்கு மிகப் பெரிய நிம்மதி தந்தது செமினார் ஹால். முன்பு ஹால் வேண்டும் என்று ஒரு மெயில், அந்தத் தேதி கிடையாது என்று ஒரு பதில், அடுத்த தேதி கேட்டு இன்னொரு மெயில் என்று ஒரு ஹாலுக்கே நாள் போகும். நிர்வாகப் பக்கத்தில் ஹாலை ஒரு "ரிசோர்ஸ்" ஆகச் சேர்த்தோம். இப்போது ஆசிரியர்கள் நிகழ்வை உருவாக்கும்போதே ஹாலையும் சேர்க்கிறார்கள். காலியாக இருந்தால் தானே ஏற்றுக்கொள்ளும், வேறு யாராவது எடுத்திருந்தால் மறுத்துவிடும். அந்த மெயில்களே இப்போது இல்லை. மெயிலைச் சீக்கிரம் படிப்பது எப்படி என்று யோசிப்பதைவிட, எந்த மெயில் வரவே தேவையில்லை என்று யோசித்ததுதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

#16 இரவுவிளக்கு

வைகைக்கரை சொன்னது பொன்னான விஷயம். நம் டீம்களிலும் "ஸ்டேட்டஸ் என்ன?" என்ற மெயிலை ஒழித்தால் பாதிச் சுமை போகும்.

மேனேஜர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, காலெண்டர் செட்டிங்ஸில் மீட்டிங்கைத் தானாகச் சுருக்கும் வசதி இருக்கிறது. கூகுளில் "ஸ்பீடி மீட்டிங்ஸ்" என்பார்கள், அரை மணி மீட்டிங் 25 நிமிடமாகவும் ஒரு மணி மீட்டிங் 50 நிமிடமாகவும் விழும். அவுட்லுக்கில் "ஷார்ட்டன் அப்பாயின்ட்மென்ட்ஸ் அண்ட் மீட்டிங்ஸ்", அதில் சீக்கிரம் முடிக்கலாமா, தாமதமாகத் தொடங்கலாமா என்று தேர்ந்தெடுக்கலாம். நான் தாமதமாகத் தொடங்குவதைத்தான் வைத்திருக்கிறேன். சீக்கிரம் முடிக்கும்படி வைத்தால் பேச்சு இழுத்துக்கொண்டு போய்ப் பழையபடி ஒரு மணி ஆகிவிடுகிறது. தொடக்கம் தள்ளியிருந்தால், முந்தைய மீட்டிங்கிலிருந்து வருகிறவர் தண்ணீர் குடித்துவிட்டு வர முடிகிறது.

இரண்டு, இரவு 11 மணிக்கு மெயில் எழுதுவது உங்கள் வசதி, அதை அப்போதே அனுப்பத்தான் வேண்டுமா? ஜிமெயிலில் 2019-லேயே நேரம் குறித்து அனுப்பும் வசதி வந்துவிட்டது, அவுட்லுக்கிலும் உண்டு. காலை 9.30 என்று வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். "நான் பதில் எதிர்பார்க்கவில்லை" என்று எழுதினாலும் ஜூனியர் படித்துவிட்டுத் தூங்காமல்தான் இருப்பார். அவருடைய இரவை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

#17 தாம்பரம்_தென்றல்

இரவுவிளக்கு சார், இதை எங்கள் மேனேஜர் படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இதுவரை நான் மாற்றியவை: ஃபிளாக் பட்டியலை முழுவதும் எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு இனி பதிலே தேவையில்லை, அழித்துவிட்டேன். மீதியில் பெரிய வேலைகளைக் காலெண்டருக்கு இழுத்தேன். அடுத்த இரண்டு வாரம் நிரம்பிவிட்டது. அதைப் பார்த்ததும் முதலில் மலைப்பாக இருந்தது. ஆனால் அதே பக்கத்தை மேனேஜரிடம் காட்டி "இதில் எது பின்னால் போகலாம்?" என்று கேட்க முடிந்தது. இரண்டு வேலைகளை அவரே தள்ளி வைத்தார், ஒன்றை வேறு ஒருவருக்குக் கொடுத்தார். ஃபிளாக் பட்டியலைக் காட்டி இப்படிக் கேட்டிருக்கவே முடியாது. நிலா சொன்ன நிறமும் போட்டாயிற்று. சிசியை நகர்த்த எனக்கும் தைரியம் வரவில்லை.

இன்னும் ஒன்று தீரவில்லை. எங்களுக்கு வியாழன்தோறும் ஒரு மீட்டிங். அதை ஆரம்பித்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அந்த ப்ராஜெக்ட்டும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனாலும் காலெண்டரில் வந்துகொண்டே இருக்கிறது, பாதிப் பேர் சேர்கிறார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல் கலைகிறோம். இதை யார் நிறுத்துவது?

#18 பழைய_அட்மின்

ஏற்பாட்டாளர் போய்விட்டால் அந்தத் தொடரை மற்றவர்களால் எல்லோருக்குமாக ரத்து செய்ய முடியாது. ஒவ்வொருவரும் தன் காலெண்டரிலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டும், அல்லது ஐடி பிரிவில் சொன்னால் சர்வர் பக்கத்தில் நீக்கித் தருவார்கள். இந்த வியாழன் சேரும்போதே "இது இன்னும் வேண்டுமா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அன்றே ஐடிக்கு ஒரு டிக்கெட்.

வேண்டும் என்றால் இப்போது பொறுப்பில் இருப்பவர் புதிதாக ஒரு தொடரை உருவாக்கட்டும், முடிவுத் தேதியோடு. "முடிவில்லை" என்று எப்போதும் விடாதீர்கள். மூன்று மாதம் வைத்தால் போதும், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் தொடரை டெலீட் செய்யாமல், ரெக்கரன்ஸை (எப்போதெல்லாம் திரும்ப வர வேண்டும் என்று வைத்திருக்கும் இடம்) திறந்து முடிவுத் தேதியை இந்த வாரத்துக்கு மாற்றி அப்டேட் அனுப்பச் சொல்லுங்கள். இனி வருவது மட்டும் போகும். நடந்து முடிந்த மீட்டிங்குகளும் அவற்றுக்குள் எழுதி வைத்த குறிப்புகளும் அப்படியே இருக்கும்.